பேசிராக்: விளக்கணைந்த ஊர்களின் வரலாறு

பாரசீக மொழி ஆட்சிமொழியாக விளங்கிய காலத்து வருவாய்க் கணக்குகளில் 'பேசிராக்' என்றொரு சொல் ஆளப்பட்டது. 'சிராக்' என்றால் விளக்கு. 'பே' என்பது இன்மையைக் குறிக்கும் முன்னொட்டு. ஈமான் இல்லாதவனைப் பேஈமான் என்பதுபோல, விளக்கு இல்லாத ஊர் பேசிராக். வட இந்தியாவிலும் தக்காணத்திலும் நில ஆவணங்களில் இச்சொல் இன்றும் வழக்கொழியவில்லை. அத்தகைய ஊருக்குப் பெயர் உண்டு, எல்லை உண்டு, வரி உண்டு. அக்கம்பக்கத்து ஊரார் வந்து அதன் நிலத்தை உழுது செல்வதும் உண்டு. ஆனால் அந்தியில் விளக்கேற்ற அங்கே ஒருவரும் இரார்.

ஜமாபந்தி, தாசில், பிர்கா, மகசூல், வசூல் என அரபு, பாரசீகச் சொற்கள் பலவற்றை நம் வருவாய்த்துறை ஏற்றுக்கொண்டது. பேசிராக் என்னும் சொல் மட்டும் நம் பக்கத்து மக்கள் பேச்சில் வேரூன்றவில்லை. அதற்கு நிகராக நம்மிடம் 'பாழ்நத்தம்' என்ற தமிழ்த்தொடர் இருந்தது. நத்தம் என்பது குடியிருப்பு மனை, பாழ்நத்தம் என்பது குடியழிந்த மனை. புஞ்சைக் காடுகளுக்கு நடுவே பானையோடு சிதறிக் கிடக்கும் மேட்டைக் காட்டி, 'முன்னே இங்கே ஊரு இருந்துச்சாம்' என்று முதியோர் சொல்வதைக் காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் பிறந்த எவரும் கேட்டிருப்பர். எந்த ஊர், எந்தக் காலம், ஏன் போயினர் என்று வினவினால் விடை கிடைப்பதில்லை.

ஊர்களின் தோற்றத்தை எழுதியோர் பலர். ஊர்களின் மறைவை எழுதியோர் சிலரே. நம் காலத்தில் கண்முன்னே மறைந்துவரும் சிற்றூர்களைப் பற்றிய சில செய்திகளையும், அவற்றால் எழும் ஒரு மார்க்கச் சிக்கலையும் வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே மனிதர் வாழ்ந்த ஊர்

தூத்துக்குடி மாவட்டத்தில் செக்காரக்குடியை அடுத்து மீனாட்சிபுரம் என்றொரு சிற்றூர் உள்ளது. மழையை நம்பிய மானாவாரி நிலம். ஒரு காலத்தில் தெருக்களும் கோயிலும் குடும்பங்களுமாக இருந்த அவ்வூரிலிருந்து மக்கள் சிறுகச் சிறுக வெளியேறினர். குடிதண்ணீர்த் தட்டுப்பாடே முதற்காரணமாகச் சொல்லப்பட்டது. மழை பொய்த்ததும், பிழைப்பு வேறிடம் சென்றதும் அதனோடு சேர்ந்தன. இறுதியில் ஒரே ஒரு முதியவர் மட்டும் அவ்வூரில் எஞ்சினார். மனைவியை இழந்த அவர், பிள்ளைகள் வெளியூரில் இருந்தும், பிறந்த மண்ணைவிட்டு வர மறுத்து ஆண்டுக்கணக்கில் தனியே வாழ்ந்தார். பாழடைந்த வீடுகளுக்கு நடுவே ஒரு வீட்டில் மட்டும் விளக்கெரிந்தது. 2024ஆம் ஆண்டு மே மாதம் அவரும் காலமானார். அன்றோடு மீனாட்சிபுரம் பேசிராக் ஆயிற்று.

அம்முதியவரின் பிடிவாதத்தைப் பத்திரிகைகள் வியந்து எழுதின. வியப்புக்குரியதுதான். ஆயினும் வரலாற்று மாணவன் அவ்வியப்போடு நின்றுவிடலாகாது. அவர் இறந்த நாள் நமக்குத் தெரியும். முதற்குடும்பம் ஊரைவிட்டுச் சென்ற நாள் எது? எந்த வீடு முதலில் பூட்டப்பட்டது? பள்ளிக்குச் செல்ல ஒரு பிள்ளைகூட இல்லாமற்போனது எந்த ஆண்டு? ஓர் ஊரின் அழிவு உண்மையில் நிகழ்ந்தது அந்நாள்களில் அல்லவா? கடைசி மனிதரின் மரணம் அவ்வழிவின் அறிவிப்பு மட்டுமே.

தேதியுள்ள அழிவும் தேதியற்ற அழிவும்

இவ்விடத்தில் தனுஷ்கோடியை ஒப்புநோக்குதல் பயன் தரும். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், இரயிலும் கப்பலும் இணைந்து சென்னையிலிருந்து கொழும்பு வரை பயணம் செய்ய வழி ஏற்பட்டது. தனுஷ்கோடியில் இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பலேறுவர். இரயில் நிலையம், அஞ்சல் நிலையம், சுங்கச் சாவடி, தேவாலயம் எனச் செழித்திருந்த அவ்வூரை 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் எழுந்த புயலும் கடலும் விழுங்கின. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயிலும் அலையில் சிக்கி, அதிலிருந்தோர் அனைவரும் மாண்டனர். அதன்பின் மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என அரசு அறிவித்தது. மீனவக் குடும்பங்கள் சில மட்டும் ஓலைக் குடிசைகளில் தங்கித் தொழிலைத் தொடர்ந்தன.

தனுஷ்கோடியின் அழிவுக்கு நாளும் நாழிகையும் உண்டு. ஆகவே அதற்கு வரலாறும் உண்டு. இடிந்த தேவாலயச் சுவரைக் காண இன்று ஆயிரக்கணக்கானோர் செல்கின்றனர். மீனாட்சிபுரத்தைப் போன்ற ஊர்களின் அழிவுக்கு நாள் இல்லை. ஒரு கோடையில் ஒரு வீடு, மறு கோடையில் இரண்டு வீடு என்று கரைந்துபோகும் ஊரை எந்த நாளிதழ் எழுதும்? எந்த நிவாரணக் கணக்கில் அது இடம்பெறும்? புயல் அழித்த ஊருக்குக் கிடைக்கும் கண்ணீர், வறட்சி அழித்த ஊருக்குக் கிடைப்பதில்லை.

அரசின் கணக்கெடுப்பும் இதைக் காட்டிக்கொடுப்பதில்லை. மக்கள்தொகைக் கணக்கு வருவாய்க் கிராமத்தை அலகாகக் கொண்டது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இத்தகைய கிராமங்கள் ஏறத்தாழ 16,000. ஆனால் ஊரக வளர்ச்சித்துறைக் கணக்கில் 12,525 ஊராட்சிகளில் அடங்கிய குடியிருப்புகள் 79,000க்கும் மேல். அதாவது, கணக்கில் ஒரு பெயராகத் தோன்றும் இடத்தில் சராசரியாக ஐந்து சிற்றூர்கள் ஒளிந்திருக்கின்றன. அவ்வைந்தில் ஒன்று வெறுமையானாலும், சாலையோரத்து மற்றொன்று பெருத்திருந்தால், கிராமத்தின் தொகை குறைந்ததாகவே தோன்றாது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பும் உரிய காலத்தில் நடைபெறாமல் தள்ளிப்போயிற்று.

தண்ணீரும் ஊரும்

நம் வட்டாரத்தைத் 'தண்ணியில்லாக் காடு' என்பர். அரசு ஊழியரைத் தண்டிக்க வேண்டுமாயின் பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்கு மாற்றுவர் என்பது நாடறிந்த பேச்சு. 1910இல் அமைந்த அம்மாவட்டத்திலிருந்து 1985இல் பிரிந்ததே இன்றைய விருதுநகர் மாவட்டம். ஆனால் இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. உலகின் மெய்யான பாலைநிலங்களோடு ஒப்பிட்டால் இது பெருஞ்செல்வம். குறை மழையின் அளவில் இல்லை, அதன் போக்கில் உள்ளது. ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்களில் கொட்டிவிட்டு, எஞ்சிய மாதங்களில் வானம் கைவிரித்துவிடும். குண்டாறு மழைநாளில் மட்டுமே ஆறு. திருச்சுழி, கமுதி வழியாகச் சென்று மன்னார் வளைகுடாவில் கலக்கும் அவ்வாறு, மற்ற நாள்களில் மணல்வழி.

ஆகவே இந்நிலத்தில் ஊர் என்பது நீரைப் பிடித்து வைக்கும் ஏற்பாட்டின் மறுபெயராக இருந்தது. பயிருக்குக் கண்மாய், குடிக்க ஊருணி. ஒரு கண்மாய் நிரம்பினால் கலங்கல் வழியே மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குச் செல்லும். மேலூரார் வரத்துக்காலைத் தூர்வாராவிட்டால் கீழூரார் பட்டினி. மடை திறக்கவும் முறை வைத்துப் பாய்ச்சவும் நீர்ப்பாய்ச்சி என்றொரு பணியாளர் இருந்தார், அவருக்கு ஊரார் களத்து மேட்டில் நெல் அளந்தனர். ஊருணியில் கால் நனைக்கலாகாது, மாடு இறக்கலாகாது என்பன எழுதப்படாத சட்டங்கள். எல்லாச் சமயத்தாரும் எல்லாச் சாதியாரும் இவ்வொழுங்கிற்குக் கட்டுப்பட்டனர். சமத்துவம் நிலவியது என்று சொல்ல மாட்டோம். எந்தத் துறையில் யார் தண்ணீர் எடுப்பது என்பதில் கொடிய வேற்றுமைகள் இருந்தன. ஆயினும், நீருக்குப் பொறுப்பானவர் யார் என்ற கேள்விக்கு ஊரில் விடை இருந்தது.

அப்பொறுப்பு ஒரே நாளில் அழியவில்லை. குடிமராமத்து என்னும் கூட்டுழைப்பு தளர்ந்துவிட்டதைக் கண்ட ஆங்கில அரசு, 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. விருப்பத்தோடு நடந்தது வற்புறுத்தலாக மாறும்போதே நோய் தொடங்கிவிட்டது எனலாம். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பஞ்சம் தென்னாட்டில் இலட்சக்கணக்கான உயிர்களைக் குடித்தது. அதையொட்டி இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மக்கள் பெயர்ந்த வேகம் கூடியது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தன. அது நீதியான செயல். ஆனால் கண்மாய்களின் பொறுப்பு அரசிடம் சென்றது. நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித்துறைக்கு, சிறியவை ஊராட்சி ஒன்றியத்துக்கு எனப் பங்கிடப்பட்டன. ஊராரின் பொருள் அலுவலகத்தின் பொருளாயிற்று. ஆழ்துளைக் கிணறு வந்தபின், வசதியுள்ளவர்க்குக் கண்மாயின் தேவையும் குறைந்தது. உள்வாயில் சீமைக்கருவேல் மண்டியது. உழவைக் கைவிட்டவர்க்கு அம்மரமே விறகும் கரிமூட்டமுமாகச் சோறிட்டது என்பதையும் மறைக்கலாகாது.

ஊருணி வற்றிய ஊரில் அடுத்து நிகழ்வது என்ன? குடத்தோடு தொலைதூரம் நடப்பவர் பெண்களே. ஆதலால் அவ்வூருக்குப் பெண் கொடுக்க எவரும் முன்வருவதில்லை. மணமாகாத இளைஞர் திருப்பூருக்கும் சிவகாசிக்கும் சென்னைக்கும் செல்வர். அங்கேயே மணமுடித்து அங்கேயே தங்குவர். பிள்ளைகள் குறையப் பள்ளி மூடப்படும். பள்ளி மூடிய ஊரில் எஞ்சிய இளங்குடும்பமும் இராது. பேருந்து வரவு குறையும். முதியோர் மட்டும் மிஞ்சுவர். ஆகவே ஊர் அழிவதைத் தண்ணீர் தொடங்கி வைக்கிறது, திருமணமும் பள்ளியும் முடித்து வைக்கின்றன.

இப்னு கல்தூன் கண்ட பாழ்

சமூகவியலின் முன்னோடி என்று உலகம் போற்றும் இப்னு கல்தூன் (ரஹ்) 1332இல் தூனிசில் பிறந்தவர். 1348, 1349ஆம் ஆண்டுகளில் பரவிய பெருங்கொள்ளை நோயில் பெற்றோரை இழந்தார். அப்போது அவருக்கு வயது பதினாறோ பதினேழோ. 1377இல் அவர் வரைந்து முடித்த முகத்திமாவில், அந்நோய் நகரங்களையும் குடியிருப்புகளையும் வெறுமையாக்கி, பாதைகளையும் வழியடையாளங்களையும் அழித்ததைக் குறிப்பிட்டு, உலகமே புதிதாகப் படைக்கப்பட்டாற்போல் மாறிவிட்டதால் அதைப் புதிதாக எழுத வேண்டியுள்ளது என்னும் கருத்தை முன்வைக்கிறார். தன் மாபெரும் நூலை அவர் ஏன் எழுதத் துணிந்தார் என்பதற்கு அவரே சொல்லும் காரணங்களுள் இதுவும் ஒன்று.

அவர் நூலில் 'உம்ரான்' என்ற சொல் நடுநாயகமாக விளங்குகிறது. மக்கள் கூடி வாழ்ந்து நிலத்தைச் செழிக்கச் செய்வது உம்ரான். அதன் எதிர்ச்சொல் 'கராப்', பாழ். வரியும் கொடுமையும் உழைப்போரின் ஊக்கத்தை அழிக்கும்போது உம்ரான் குன்றிக் கராப் தொடங்குகிறது என்பது அவர் முடிபு. மனிதர் கூடியிருப்பதே செல்வத்தின் ஊற்று என்றும், ஆள் குறைந்தால் தொழில் குறையும், தொழில் குறைந்தால் ஆள் மேலும் குறைவர் என்றும் அவர் விளக்குவது நம் சிற்றூர்களுக்கு அப்படியே பொருந்துகிறது.

அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முற்பட்ட யாகூத் அல்ஹமவி (ரஹ்) செய்த பணி வேறு. மெர்வ் நகரத்து நூலகங்களில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த அவர், மங்கோலியர் படையெடுப்பின்போது அனைத்தையும் விட்டு மேற்கே தப்பினார். அந்நகரம் 1221இல் அழிக்கப்பட்டது. யாகூத் தாம் தொகுத்த ஊர்ப்பெயர் அகராதியில், பெருநகரங்களோடு சின்னஞ்சிறு கிராமங்களையும் அகரவரிசையில் பதிந்தார். பெயரை எப்படி ஒலிப்பது, எந்த நகரை அடுத்தது, அங்கே பிறந்த ஆலிம் யார் என்று ஓரிரு வரிகள். அவ்வளவே. அக்கிராமங்கள் பலவற்றின் சுவடு இன்று மண்ணில் இல்லை, ஆயினும் அவை அறியப்படாதவை அல்ல. தம் பெயரோடு ஊரைச் சேர்த்து வழங்கும் 'நிஸ்பா' என்னும் நம் ஆலிம்களின் மரபு, மறைந்த ஊர்களுக்கு ஒரு நினைவுக்கல்லாயிற்று.

ஒரு பள்ளிவாசலின் வழக்கு

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். காரியாபட்டியிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையை விட்டு விலகி, உள்ளே நடந்தால் என் தாயார் பிறந்த ஊர். பெயரைக் குறிப்பிடாமைக்கு அங்குள்ளோரின் விருப்பமே காரணம். என் சிறுபருவத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் இறுதியில், அங்கே அறுபது வீடுகள் இருந்தன. அவற்றுள் ஏழு நம்மவர் வீடுகள். திருச்சுழி வட்டத்தில் வீரசோழன் போன்று முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழும் ஊர் உண்டு. இது அத்தகையதன்று. புஞ்சையும் ஆட்டு வியாபாரமுமாக வாழ்ந்த ஏழு குடும்பங்கள், கண்மாய்க் கரையோரம் ஒரு சிறு பள்ளிவாசல், அதையொட்டி அடக்கத்தலம். ஜும்ஆவுக்கு வேற்றூர் செல்வர். ஐவேளைத் தொழுகை அங்கேயே. மோதினார் இல்லை. இருப்பவரில் ஒருவர் பாங்கு சொல்வார்.

இன்று அவ்வூரில் நான்கு வீடுகளில் மட்டுமே அடுப்பெரிகிறது. நம்மவரில் கடைசியாக இருந்தவர் என் தாயாரின் ஒன்றுவிட்ட தமக்கை. நாங்கள் பெரியம்மா என்போம். தொழ ஆண்கள் இல்லாத அப்பள்ளியின் வாசல் மாடத்தில் மஃரிபு வேளையில் அவர் விளக்கேற்றி வைப்பார். 2019இல் கண்பார்வை மங்கியதால் மகன் வந்து திருப்பூருக்கு அழைத்துச் சென்றார். புறப்படும்போது திறவுகோலைப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கொடுத்துச் சென்றார். அவர் நம் சமயத்தவர் அல்லர். எனினும் நம் குடும்பத்தாரோடு மாமன், மாப்பிள்ளை என்று முறைசொல்லிப் பழகியவர்.

சில ஆண்டுகளுக்குப்பின் பக்கத்துப் பெரிய ஊரின் ஜமாஅத்தார் என்னை அணுகினர். தொழ ஆளில்லாத பள்ளியின் இடத்தை விற்று, அத்தொகையைத் தம் ஊர்ப் பள்ளிவாசல் விரிவாக்கத்துக்குச் செலவிடலாமா என்பது கேள்வி. அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்டனர். இடம் ஆக்கிரமிக்கப்படும் என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது.

இக்கேள்வி புதிதன்று. ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் ஹிதாயாவில், வக்ஃபுப் பாடத்தில், ஆண்டுதோறும் மாணவர்க்கு நான் நடத்தும் பகுதியே இது. சுற்றுப்புறம் பாழாகி, மக்கள் அகன்று, தேவையற்றுப்போன பள்ளிவாசலின் நிலை என்ன? இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்தில் அது பள்ளிவாசலாகவே நிலைத்திருக்கும். இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கருத்தில், வழங்கியவரின் அல்லது அவருடைய வாரிசுகளின் உடைமையாக அது மீளும். ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், பள்ளி இடிந்து மீண்டும் கட்ட இயலாத நிலையிலும் அதை விற்கலாகாது என்றே உரைக்கின்றார்கள். ஹனஃபீ அறிஞர் பெரும்பாலோர் ஃபத்வா அளித்தது இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்துப்படியே.

உண்மையைச் சொல்வதாயின், என் உள்ளம் முதலில் இரண்டாவது கருத்தை நாடியது. வாரிசுகள் இசைந்தால் இடம் வீணாகாமல் இன்னொரு பள்ளிக்குப் பயன்படுமே என்று எண்ணினேன். ஆனால் அக்கருத்தின்படி நடக்கவும் ஒரு செய்தி தெரிந்தாக வேண்டும். வழங்கியவர் யார்? அங்கேதான் நான் திகைத்து நின்றேன். ஆவணத்தைத் தேடினோம், கிடைக்கவில்லை. அடக்கத்தலத்தில் எழுத்துள்ள கல் ஒன்றுகூட இல்லை. ஏழு குடும்பத்தின் வழிவந்தோரைத் திருப்பூரிலும் மதுரையிலும் கண்டு வினவினோம். தம் பாட்டனார்தாம் இடம் கொடுத்தார் என்று மூன்று குடும்பத்தார் தனித்தனியே கூறினர். எவரிடமும் சான்று இல்லை.

என் தாயாருக்குத் தெரிந்திருக்கும். அவ்வூர்க் கிணறுகளின் பெயர்களையும், ஒவ்வொரு புஞ்சையும் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதையும் அவர் விரல்விட்டுச் சொல்லக்கூடியவர். மெர்வ் நகரத்துக் கிராமங்களின் பெயர்களைக் கிதாபில் தேடிப் படித்த நான், என் தாய் பிறந்த ஊரைப் பற்றி அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

எழுதி வைக்கப்படாத வரலாறு என்பது வெறும் அறிவிழப்பு அன்று என்பதை அன்று உணர்ந்தேன். அது உரிமையிழப்பு. மார்க்கச் சட்டமாயினும் அரசுச் சட்டமாயினும், பெயரும் எல்லையும் சான்றும் இல்லாத இடத்தில் கைகட்டி நிற்கிறது. பாழான ஊரில் முதலில் அழிவது சுவர் என்று எண்ணுகிறோம். சுவர் நெடுநாள் நிற்கும். முதலில் அழிவது, இது யாருடையது என்று சொல்லக்கூடிய நாக்கு.

இறுதியில் விற்பதில்லை என முடிவாயிற்று. முடிவைச் சொல்ல அவ்வூருக்குச் சென்றபோது, திறவுகோல் வைத்திருந்த பெரியவர், "மாப்ளே, ஒங்க பெரியம்மா சொல்லிட்டுப் போனாக. நான் இருக்கிறமட்டும் வெளக்கு எரியும். எனக்குப் பின்னாடி யாருன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். ஃபிக்ஹு நூல்களைப் புரட்டி நான் தேடியது பள்ளியின் உடைமை யாருக்கு என்னும் விடையை. அவர் கேட்டதோ அதன் பராமரிப்பு யாருக்கு என்பதை.

கூடும் நாள்

வட மசிடோனியா நாட்டின் மேற்கே, பிஸ்த்ரா மலையில் காலிச்னிக் என்றொரு ஊர் உண்டு. 1912 வரை உதுமானிய ஆட்சியில் இருந்த நிலம். ஆட்டு மந்தைகளாலும் மரச்சிற்பத் தொழிலாலும் புகழ்பெற்றிருந்த மலையூர் அது. ஆண்கள் ஆண்டுக்கணக்கில் வெளிநாடு சென்று பொருளீட்டித் திரும்பும் வழக்கத்தை அம்மக்கள் 'பெச்சால்பா' என்பர். நம் கடற்கரை ஊர்களில் 'சபர்' போதல் என்றும், போனவரைச் 'சபுராளி' என்றும் சொல்வதை இது நினைவூட்டுகிறது. பேரரசு உடைந்து புதிய எல்லைகள் வகுக்கப்பட்டபின் மேய்ச்சல் வழிகள் அறுபட்டன. சென்றவர் திரும்பவில்லை. 2002ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவ்வூரில் பதிவானோர் மூவர். ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தில் அவ்வூர் வழிவந்தோர் திரண்டு வந்து, பழைய முறைப்படி அங்கே ஒரு திருமணத்தை நடத்துகின்றனர். வீடுகளைப் பழுதுபார்த்து வைத்திருக்கின்றனர். ஊர் வெறுமையானாலும் ஊரார் என்ற உணர்வு வெறுமையாகவில்லை.

மீனாட்சிபுரத்தாரும் கோயில் விழாவின்போது வெளியூர்களிலிருந்து தம் ஊருக்கு வந்து கூடுகின்றனர். இதிலிருந்து நாம் அறிவது ஒன்றுண்டு. வீடும் நிலமும் மட்டும் ஊரன்று, கூடுவதற்கு ஒரு நாளும் ஓர் இடமும் இருக்கும்வரை ஊர் முற்றும் அழிவதில்லை. அந்நாள் மறக்கப்பட்டபின், வீடுகள் நின்றாலும் அது பாழ்நத்தமே.

எங்கள் ஏழு குடும்பத்து வழித்தோன்றல்களும் ஒரு முடிவுக்கு வந்துள்ளனர். நோன்புப் பெருநாளை அடுத்து வரும் முதல் ஞாயிறன்று அப்பள்ளியில் கூடித் தொழுது, அடக்கத்தலத்தைத் துப்புரவு செய்து, ஊரில் எஞ்சியுள்ளோரோடு அமர்ந்து உண்டு திரும்புவது. முதலாண்டு பதினொருவர் வந்தோம். மறு ஆண்டு நாற்பதுக்கும் மேற்பட்டோர். பெரியம்மாவையும் அழைத்து வந்தனர். கண் தெரியாத அவர் கபரடிகளை ஒவ்வொன்றாகக் கைகாட்டி, இது இன்னார், இது இன்னார் என்று சொல்ல, கல்லூரி செல்லும் ஒரு பெண் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பதினேழு பெயர்கள் கிடைத்தன. எஞ்சியவற்றை அவராலும் சொல்ல இயலவில்லை.

வாசகப் பெருமக்கள் ஒவ்வொருவருக்கும் இத்தகைய ஓர் ஊர் இருக்கும். தாயின் ஊராகவோ பாட்டனின் ஊராகவோ இருக்கலாம். அங்கே மீண்டும் குடியேறுங்கள் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. தண்ணீரும் பிழைப்பும் இன்றி வாழச் சொல்வது அறமாகாது. 2021இல் அடிக்கல் நாட்டப்பட்ட காவிரி, வைகை, குண்டாறு இணைப்பு நிறைவேறி நீர் வந்தால் சிலர் திரும்பக்கூடும். அது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது ஒரு குறிப்பேடு. ஊரின் பெயர், அதன் நான்கெல்லை, கண்மாய், ஊருணி, கிணறுகளின் பெயர்கள், பள்ளிக்கு இடமளித்தவர், வக்ஃபு நிலத்தின் புல எண், அடங்கியிருப்போர், எந்தக் குடும்பம் எந்த ஆண்டில் எங்கே சென்றது ஆகியவற்றை, இன்னும் சொல்லக்கூடிய முதியவர் ஒருவர் இருக்கும்போதே கேட்டு எழுதுவது. யாகூத் (ரஹ்) செய்ததும் ஏறத்தாழ இதுவே. வக்ஃபுச் சொத்துகளின் ஆவணங்கள் பற்றி நாடெங்கும் கேள்வி எழுந்துள்ள இக்காலத்தில், இது நினைவைப் பேணும் பணி மட்டுமன்று, அமானிதத்தைக் காக்கும் கடமையும் ஆகும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுப்பிய வினாவுக்கு இன்னும் முழுமையான விடை கிடைக்கவில்லை. இப்போதைக்கு அவரே விளக்கேற்றுகிறார். எண்ணெய்க்கு நாங்கள் பணம் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். அந்த ஒரு விளக்கு எரியும்வரை எந்த வருவாய் அலுவலரும் எங்கள் ஊரைப் பேசிராக் என்று எழுத முடியாது.